ஜீப்பில் வந்த வாடை

எழுபதுகளின் கடைசி. திருப்பத்தூர்ச் சந்தையில் புளியைப் போட்டுவிட்டு மலைமேல் புதூர்நாட்டுக்குத் திரும்பும் ஜீப்பில் ஆள் மேல் ஆளாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். ஒரு வளைவில் வண்டி சாய்ந்தபோது என் வீட்டுக்காரர் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் வாயிலிருந்து வந்த வாடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எனக்குப் பழக்கமான வாடை அது. என் அப்பாவுக்கு முதலில் அந்த வாடைதான் வந்தது. பிறகு கன்னத்தில் புண். பிறகு கஞ்சிகூட இறங்கவில்லை. அந்த வருஷச் சாமை அறுப்புக்கு முன்பே போய்விட்டார்.

"இன்னா, மூஞ்சியத் திருப்பிக்கினே?" என்றார் வீட்டுக்காரர்.

"தல சுத்துதுங்க" என்றேன்.

கட்டிய புருஷனிடம் உங்கள் வாய் நாறுகிறது என்று எப்படிச் சொல்வது? எங்கள் மலையில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. அதோடு, வாய்விட்டுச் சொன்னால் அது நிஜமாகிவிடுமோ என்று பயந்தேன். வாயை மூடிக்கொண்டு மூக்கை மட்டும் திறந்து வைத்திருந்தேன்.

கூத்து என்னவென்றால், நாற்றம் அவருக்கும் தெரிந்திருந்தது. அதற்கு எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார். புகையிலையைச் சுட்டுப் பொடித்துப் பல் தேய்ப்பார், பிறகு ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார். அந்தக் காரத்தில் பல்லுப்புழு செத்துவிடும் என்று நம்பிக்கை. நாற்றம் கூடக் கூடத் தேய்ப்பதும் கூடியது. அப்பாவும் அப்படித்தான் தேய்த்தார்.

ஒருநாள் மத்தியானம் களியை அவர் ஒரு பக்கமாகவே ஒதுக்கி விழுங்குவதைப் பார்த்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"வாய் நாறுதுங்க. எங்கப்பனுக்கும் இப்டிதான் நாறுச்சி."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கையிலிருந்த களியைத் தட்டில் வைத்துவிட்டு, "ஜீப்பு எப்ப வரும்?" என்று கேட்டார்.

திருப்பத்தூரில் டாக்டரம்மா கன்னத்தை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். "ஈறு கெட்டுப்போய்க் கெடக்கு, வாடை அதாலதான். ஆனா கன்னத்துல வெள்ளையாத் தடிச்சிருக்கு பாரும்மா. புகையிலைய இன்னியோட வுட்டா அடங்கலாம்." அடங்கும் என்று அவர் சொல்லவில்லை. அதை நினைத்து நினைத்தே மலையேறினேன்.

அன்றிலிருந்து நான் வீட்டுக்குப் போலீஸ்காரி. வீட்டிலிருந்த புகையிலையெல்லாம் அடுப்புக்குப் போனது. காலையும் படுக்குமுன்னும் வேப்பங்குச்சி, அதைப் பிளந்து நாக்கு வழிப்பது, தின்றதும் உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது. கொல்லைக்காட்டு வேலைக்குக் கிளம்புமுன் வாசலில் நிறுத்தி என் முகத்தில் ஊதச் சொல்வேன். புருசனுக்கு முத்தம் குடுத்து அனுப்புறா என்று பக்கத்து வீட்டுக்காரி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கட்டும். அவள் என் அப்பாவின் வாயைப் பார்த்ததில்லை.

மழை முடிந்து அவரைக்கொடி பூத்த சமயம், மறுபடி டார்ச் அடித்துப் பார்த்த டாக்டரம்மா வெள்ளை போய்விட்டது என்றார். மறுநாள் காலை வாசலில் நின்றுகொண்டு வீட்டுக்காரர் கேட்டார்:

"இன்னமும் ஊதணுமா?"

"ஊதுங்க."

ஊதினார். வேப்பங்குச்சிக் கசப்பு மட்டும்தான் வந்தது.

இன்னொரு தடவை ஊதச் சொன்னேன்.