பச்சைக் காரும் இரண்டு போட்டோவும்

குவைத்தில் நான் மெக்கானிக்காக வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம் இரண்டு கார்கள் மணலில் கிடந்தன. ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரர்கள் விட்டுப் போனவை. "ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள். வெள்ளிக்கிழமைகளில் சரி பண்ணு. ஓடினால் உனக்கு" என்றார் முதலாளி.

ஒன்று ஜெர்மன் வண்டி, வெள்ளி நிறம். கதவு நசுங்கியிருந்தது, இன்ஜின் முழுசாக இருந்தது. மற்றது இங்கிலீஷ் வண்டி. பச்சை நிறம், இரண்டே சீட்டு, கம்பிச் சக்கரம். இன்ஜின் இறுகிப்போய்க் கிடந்தது. அடித் தகடு துருவில் உதிர்ந்து, உள்ளே எட்டிப் பார்த்தால் மணல் தெரிந்தது.

என்னோடு வேலை செய்த வெல்டர் வடகரப்பதி என்ற ஊர்க்காரர். பச்சை வண்டியை எடுக்கிறேன் என்றதும் சிரித்துவிட்டார்.

"ஏனுங்க, கண்ணு தெரியுதுங்களா? வெள்ளி வண்டிய எடுத்தா ரெண்டு மாசத்துல ஓடும். இதுல உக்காந்தா தரையிலதான் உக்காரோணும்."

"எனக்கு இதுதாண்ணே வேணும்."

"செரீங்க தொரை. உங்க இஷ்டம்."

அன்றிலிருந்து அவருக்கு நான் தொரை.

காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. சூரியநெல்லிப் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் தொரையிடம், அதாவது மேனேஜரிடம், இதே மாதிரிப் பச்சைக் கார் இருந்தது. அவருக்கு முன்பு மேனேஜராக இருந்த வெள்ளைக்காரரிடமிருந்து வாங்கியது. தேயிலை ஃபேக்டரித் தூசியில் மூச்சிளைப்பு வந்த பிறகு அப்பாவால் மலையேற முடியாது. அதனால் பங்களாவில் காரைக் கழுவும் லேசான வேலை கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் திடீரென்று மழை. காரின் துணிக் கூரையை இழுத்து மூட அப்பா ஒரு நிமிஷம் அந்த சீட்டில் உட்கார்ந்தார். வராந்தாவில் இருந்த தொரை பார்த்துவிட்டார். மழை விட்டதும், அந்த சீட்டைக் கழற்றிச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவச் சொன்னார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு ஃபேக்டரியில் எடுபிடியாக இருந்தவன் நான். எண்ணெய் டின்னோடு வந்தவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு எப்போதும் பயம்தான். ஜாக்கி நழுவிவிடுமோ, போலீஸ் பேப்பர் கேட்குமோ, பழைய சொந்தக்காரன் திரும்பி வந்துவிடுவானோ என்று வாரம் முழுக்கத் தூக்கம் கெட்டது. ஆனாலும் மூன்று மாதத்தில் பெயின்டைப் பளபளப்பாக்கிவிட்டேன். இன்ஜின் அசையவில்லை. ஒரு பலகையைக் குறுக்கே போட்டு அதில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். வெல்டர் போட்டோ எடுத்தார்.

"சிரிங்க தொரை. பெட்ரோல் இருக்கற மாதிரிச் சிரிங்க."

போட்டோவை அப்பாவுக்கு அனுப்பினேன்.

அடுத்து வந்தது தங்கச்சியின் கடிதம். அப்பாவுக்கு எழுதத் தெரியாது, அவள்தான் எழுதுவாள். அப்பா சந்தோஷம் தாங்காமல் போட்டோவைப் பங்களாவுக்கே கொண்டுபோய்த் தொரையிடம் காட்டியிருக்கிறார். அவர் அதை ஒளியில் பிடித்து நன்றாகப் பார்த்தாராம். "ஓ, மகனும் தொரையாயிட்டானா? அப்ப நீ எதுக்கு என் காரைக் கழுவணும்? போய் உன் மகன் காரைக் கழுவு" என்றாராம். மறுநாள் காலை வேலைக்குப் பேர் கூப்பிடும்போது அப்பாவைப் பூச்சிமருந்தடிக்கிற கூட்டத்தில் போட்டுவிட்டார்கள். முதுகில் மருந்து டின்னைக் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் ஏற வேண்டும். "ரெண்டு தடவை உக்காந்துட்டாருண்ணே. மூச்சு விசில் மாதிரி சத்தம் போடுது" என்று எழுதியிருந்தாள்.

எதெதற்கோ பயந்தேன், இந்தப் போட்டோவுக்கு மட்டும் பயப்படத் தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பனியனும் கைலியுமாக, ஒரு பக்கெட்டையும் பழந்துணியையும் எடுத்துக்கொண்டு காரின் பக்கத்தில் நின்றேன். வெல்டரிடம் விஷயத்தைச் சொல்லி, இன்னொரு போட்டோ எடுக்கச் சொன்னேன். கேமராவைக் கண்ணில் வைத்தவர் இறக்கினார்.

"குனிங்க. இன்னுங் கொஞ்சம். கழுவறவன் நெஞ்ச நிமித்திட்டு நிக்க மாட்டானுங்க."

குனிந்தேன். 'இது முதலாளியின் கார், நான் கழுவுகிறவன், அன்றைக்கு விளையாட்டுக்கு உட்கார்ந்தேன், இதைத் தொரையிடம் காட்டவும்' என்று எழுதிப் போட்டேன்.

பலித்தது. தொரை விழுந்து விழுந்து சிரித்து, உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினாராம். போட்டோவை அவரே வைத்துக்கொண்டாராம். மறுநாளே அப்பா பக்கெட்டோடு பங்களாவுக்குப் போய்விட்டார். கடிதத்தின் அடியில், அப்பா சொல்லச் சொல்ல எழுதியது என்று இருந்தது:

"ஏய்யா, இனிமே மொதலாளி வண்டில உக்காராத. கம்பிச் சக்கரத்துக்குத் துணி சேராது. பழைய பல்லு தேய்க்கிற பிரஷ்ஷ எடுத்து ஒவ்வொரு கம்பியா அடியிலருந்து தேயி. தண்ணி நிக்க விட்டுராத, துருப் புடிச்சிரும்."

அந்தக் கார் கடைசி வரை ஓடவில்லை. ஜெர்மன் வண்டியை வெல்டர் எடுத்து ஓட்டினார். அப்பா கண் மூடும்வரை நான் அங்கே கார் கழுவுகிறேன் என்றே நம்பினார். லீவில் ஊருக்குப் போனபோதுகூட, மெக்கானிக் என்று நான் திருத்திச் சொல்லவில்லை. சொன்னால், சந்தோஷத்தில் நேரே பங்களாவுக்குப் போய்விடுவாரோ என்று பயம்.