வாயைத் திறக்காத பொட்டி

பழைய லேப்டாப் வாங்கி விற்கும் தொழிலில் சரக்கு பழுதானால்கூடச் சமாளித்துவிடலாம். மனசுக்குள் வைத்திருக்கும் கடைசி விலை வெளியே தெரிந்துவிட்டால் அன்றைக்கு வியாபாரம் அம்பேல்.

இதே தொழிலில் அடிபட்டுக்கொண்டிருக்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. மிச்சப் பாடமெல்லாம் வாங்கின அடியில் படித்தது. கோபம் எனக்கு மூக்கு நுனியில். ஆனால் அதில் பாதி, விலையைக் குறைக்கிறதுக்காக வரவழைத்துக்கொள்கிற கோபம்.

கடை, புதுச்சேரி டவுனுக்குள் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில். மாடியில் வீட்டுக்கார அம்மா; பிரெஞ்சு வழக்கில் அவங்க எனக்கு மதாம், நான் அவங்களுக்கு முசியே. அவங்க கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பென்ஷன் அங்கிருந்து வருகிறது. இந்த வருஷம் என் கடை ஒப்பந்தம் முடிகிறது. மதாமுடைய அண்ணன் மகன், காபி ஷாப் வைக்க அதே இடத்தைக் கேட்கிறார் என்று தெரு முழுக்கப் பேச்சு. மதாமோ ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் பிடித்த வாடிக்கையெல்லாம் அந்த வாசலை நம்பித்தான். கீழே வருகிற எல்லாக் கூத்தும் இந்தப் பயத்தோடு நான் இருந்தபோது நடந்தவை.

டீ வாங்கப் போன நேரம்

ஒரு ஹோட்டலில் பழைய லேப்டாப்புகளை மொத்தமாகத் தள்ளிவிடப் போகிறார்கள் என்று தகவல். எல்லோரும் வைத்திருக்கிற ஏஐ-யிடம் நானும் யோசனை கேட்டேன். இந்த விலையில் ஆரம்பிப்பேன், இந்த விலை வரைக்கும் ஏறுவேன், எப்படிப் பேசினால் அந்த மேனேஜர் மடங்குவான் என்று விவரமாகத் தட்டினேன். அதுவும் பிரமாதமாகப் பதில் சொன்னது.

மேனேஜர் கடைக்கே வந்துவிட்டார். மரியாதைக்கு டீ சொல்லலாம் என்று முக்கு வரைக்கும் போய்விட்டு வந்தேன். உட்கார்ந்ததும் அவர் ஒரு விலை சொன்னார். என் மனசில் இருந்த அதே கடைசி விலை. ஒரு ரூபாய் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் கத்தின கத்தலில் டீ சிந்திவிட்டது. அவர் மேஜைமேல் இருந்த என் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிவைத்துச் சொன்னார்: “பாய், என்மேல கோச்சுக்காதீங்க. உங்க கடைசி வெலைய நீங்களே ஸ்கிரீன்ல போட்டுட்டுதான் டீ வாங்கப் போனீங்க!”

வயரைப் பிடுங்கு

மேனேஜர் பார்த்தது என் அஜாக்கிரதை. அது இருக்கட்டும். நான் தட்டினதெல்லாம் முகம் தெரியாத ஏதோ ஒரு கம்பெனி கம்ப்யூட்டரிலும் போய் உட்கார்ந்திருக்கிறதே, அதை யார் பார்ப்பான்? விசாரித்தேன். பெயர், நம்பர் கேட்காமலே பதில் சொல்கிற சேவைகள் இருக்கின்றன. பேசினதைச் சேர்த்து வைக்காதே என்று நிறுத்தி வைக்கிற வசதியும் சிலதில் இருக்கிறது. ஆனால் அதெல்லாம் அவன் வாக்கை நம்பி நாம் இருப்பது. என் மாதிரி யாரையும் நம்பாதவனுக்கு ஏற்றது வேறு ஒன்று: ஏஐ மாடலையே நம் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொண்டு, நெட் இல்லாமல் ஓட்டுவது. சாமர்த்தியம் கொஞ்சம் குறைச்சல், வேகம் மாட்டுவண்டி. ஆனால் கேட்டது வீட்டு வாசலைத் தாண்டாது. மெமரி அதிகம் உள்ள பழைய லேப்டாப்பாகப் பொறுக்கி, அதை ஏற்றி விற்க ஆரம்பித்தேன். கடையில் அதற்குப் பெயர் ‘பொட்டி’.

முதலில் வந்தவர் ரெட்டியார்பாளையத்து வக்கீல் ஒருத்தர். கட்சிக்காரர் சங்கதி வெளியே போகக் கூடாது. “போவாதுன்னு என்ன சாட்சி?” என்று குறுக்கு விசாரணை மேல் குறுக்கு விசாரணை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். சுர்ரென்று ஏறிவிட்டது. எழுந்துபோய் நெட் வயரைப் பிடுங்கி அவர் மடியில் போட்டு, “இப்ப கேளுய்யா!” என்றேன். கேட்டார். பொட்டி நிதானமாகப் பதில் சொன்னது. லேப்டாப்பைத் தூக்கி அடியில் பார்த்தார், தன் போனை அணைத்துவிட்டு இன்னொரு தடவை கேட்டார். அப்புறம் வயரை மடக்கி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “நெட்டே இல்லாம பேசுதுன்னா, கேஸே இல்லாம நான் ஃபீஸ் வாங்குற மாதிரில்ல இருக்கு!”

வஞ்சிரம்

வைத்திக்குப்பம் அஞ்சலை அக்கா ஹோட்டல்களுக்கு மீன் போடுகிறவர். ஒவ்வொரு ஹோட்டலுக்கும் ஒவ்வொரு ரேட். ஒருத்தன் ரேட் இன்னொருத்தனுக்குத் தெரிந்தால் அன்றைக்கே ரகளை. இங்கிலீஷில் மெசேஜ் எழுத ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு வாய் இருக்கக் கூடாது. பொட்டியை முன்னால் வைத்தேன். அக்கா சோதனைக்காக “வஞ்சிரம்னா என்னா?” என்று தட்டச் சொன்னார். பொட்டி கொஞ்ச நேரம் முனகிவிட்டு, “வஞ்சிரம் என்பது உயரமாக வளரும் ஒரு மர வகை ஆகும்” என்றது.

எனக்கு மானம் போய்விட்டது. “ஏய், கடலோரத்துல உக்காந்துகிட்டு வஞ்சிரம் தெரியல?” என்று பொட்டியையே திட்டினேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேறு பெரிய மாடல் ஏற்றித் தருகிறேன் என்று நான் லேப்டாப்பை மூடப்போக, கையைத் தட்டிவிட்டார். “அட இரு பாய்! மீனே தெரியாதவன்கிட்டதான் என் ரேட்டு பத்திரமா இருக்கும். இதையே குடு!”

மரியாதை தெரியாத பொட்டி

அப்புறம் ஒருநாள் மாடியிலிருந்து மதாமே இறங்கி வந்தாங்க. பென்ஷன் ஆபீசுக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதணும், சொந்த சமாசாரங்களும் எழுதணும், ஒருத்தன் கண்ணிலும் படக் கூடாது. என் தலைவிதியே அவங்க கையில். ஓடிப்போய் மாடியில் வைத்துக் கொடுத்தேன். நான் கீழே இறங்குவதற்குள் மதாமின் கூப்பாடு. பிரெஞ்சில் ‘நீ’க்கு ‘து’, ‘நீங்க’ளுக்கு ‘வூ’. பொட்டி மதாமை ‘து’ போட்டுப் பேசிவிட்டது! “கட்டின புருஷனே என்னை ‘வூ’ன்னுதான் கூப்பிட்டார் முசியே! இந்த டப்பா யாரு என்னை ‘து’ங்கறதுக்கு?”

நல்லவேளை, நிரந்தரமாகக் கட்டளை எழுதி வைக்க அதில் ஓர் இடம் உண்டு. ‘மதாமிடம் எப்போதும் வூ போட்டுத்தான் பேசணும்’ என்று எழுதினேன். அப்புறம் பொட்டி பெட்டிப்பாம்பு. மதாம் குளிர்ந்துபோய், “நான் எழுதறத நீங்க பார்க்க முடியுமா?” என்றாங்க. வியாபார ஜோரில் மேஜையைத் தட்டினேன். பாஸ்வேர்டு நீங்களே போடுங்க, பேசினது சேராதபடி வைத்துவிட்டேன், நானே வந்து காலில் விழுந்தாலும் இது வாயைத் திறக்காது என்றேன். மதாம் நன்றியோடு தலையசைத்தாங்க. “மெர்சி முசியே. அப்படின்னா இனிமே நீங்க இது பக்கத்துல வராதீங்க.”

மாடிப்படி

ஒப்பந்தம் பேச மாடிக்குப் போகிற நாள் வந்தது. இடத்தை விட்டுவிடக் கூடாது, வாடகையும் ஏறக் கூடாது. என் வித்தையெல்லாம் எடுத்துவிட்டேன். தொழில் படுத்துவிட்டது என்று மூக்கால் அழுதேன். “அஞ்சலை நேத்துதான் ரெண்டாவது பொட்டி வாங்கிட்டுப் போனா” என்றாங்க மதாம். பேசாமல் இருந்து பார்த்தேன். அவங்களும் பேசாமல் காபி குடிச்சாங்க. கத்தினேன். “முடிச்சுட்டீங்களா?” என்றாங்க. கடைசி ஆயுதமாக, வேண்டவே வேண்டாம் என்று விருட்டென எழுந்தேன். “உட்காருங்க முசியே. நாலு படி இறங்கிட்டுத் திரும்பி வருவீங்க, மூட்டு வலிதான் மிச்சம்.”

அசந்துபோய் உட்கார்ந்தேன். மதாமே உடைத்துச் சொன்ன விஷயம் இதுதான்: கீழ் வீட்டுக்காரன் கோபக்காரன், எழுந்து போவது போல நடிப்பான், அவனாகவே பேசு என்று மதாம் பொட்டிக்குச் சொல்லியிருக்காங்க. நான் விற்ற பொட்டி என்னைப் போலவே கத்தி, அழுது, எழுந்து போய், ஒரு வாரமாக அவங்களுக்குப் பழக்கம் கொடுத்திருக்கிறது. அண்ணன் மகன் கைக்கு இடம் போய்விடுமோ என்ற பயத்தில், ஏற்றிக் கேட்ட வாடகைக்குத் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன். மை காய்கிற வரைக்கும் காத்திருந்து, “சரி மதாம், உங்க அண்ணன் மகனுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?” என்று கேட்டேன். மதாமுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாங்க:

“அவனுக்கு முடியாதுன்னு ‘லெத்ர்’ எழுதி அனுப்பி மாசக்கணக்காச்சு முசியே. எழுதிக் கொடுத்ததே உங்க பொட்டிதான். நல்ல பொட்டி, உங்ககிட்ட ஒரு வார்த்தை மூச்சு விட்டுச்சா பாருங்க!”

ரகசியம் காக்கிற பொட்டியை ஊருக்கெல்லாம் விற்றவனும் நான்தான், அது காத்த ரகசியத்துக்கு மாசாமாசம் வாடகை கட்டிக்கொண்டிருப்பவனும் நான்தான்.