கோடில்லாத மாத்திரை

சலாத்திகா ஊரில் ஒருத்திக்கு நெஞ்சு படபடத்தால் அதை யாரும் பயம் என்று சொல்வதில்லை. உடம்புக்குள் காற்று புகுந்துவிட்டது என்பார்கள். வார்த்தினிக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அந்தக் காற்று வெளியேற, அக்கா சுமிரா எண்ணெய் தடவி, பழைய நாணயத்தால் அவள் முதுகை வரிவரியாகச் சிவக்கும்வரை சுரண்டிவிடுவாள். நாற்பத்திரண்டு வயதுவரை அந்த முதுகைச் சுரண்ட வார்த்தினி அக்கா ஒருத்தியிடம்தான் காட்டியிருக்கிறாள்.

செமாராங் பேருந்தில் ஒருநாள் மூச்சடைத்து, செத்தோம் என்று நடுவழியில் இறங்கியவள், அதன்பின் பேருந்தே ஏறவில்லை. இதயத்தில் கோளாறு இல்லை என்றன சோதனைகள். சுகாதார நிலையத்தின் மனநல ஆலோசகர் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினார். முதலில் நிறுத்தத்தில் சும்மா நிற்பது, பிறகு அதே செமாராங் வழியில் பாவென்வரை, அப்புறம் உங்காரான்வரை. படபடப்பு வந்தால் இறங்கி ஓடாமல், அது தானாக அடங்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். மருத்துவர் தினம் ஒரு மாத்திரையும் கொடுத்தார். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், கேட்காமல் நிறுத்திவிடக் கூடாது என்றார். மகளின் பட்டமளிப்பு விழா செமாராங்கில். அதற்குப் போய்ச்சேர வேண்டும், வார்த்தினி கேட்டது அவ்வளவுதான்.

காலையில் மாத்திரையும் வெந்நீரும் எடுத்துவைப்பது சுமிராவின் வேலை. இரண்டு மாதத்தில் வார்த்தினி உங்காரான்வரை போய்வந்தாள். மூன்றாம் மாதம் தலை சுற்றியது. மண்டைக்குள் மின்சாரம் வெட்டியது போலிருந்தது. நிறுத்தத்தில் நிற்கவே முடியாமல் வீடு திரும்பினாள். தன் மனத்தில்தான் உறுதி இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது மாத்திரை டப்பாவோடு மருத்துவரிடம் போனாள். அவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இபு," என்று மரியாதையாக அழைத்தார், "இதை யாரு குடுத்தது?"

"நீங்கதான் டாக்டர்."

"நான் குடுத்ததுல நடுவுல கோடு இருக்கும், பாதியா உடைக்கறதுக்கு. இது வெறும் வைட்டமின். அந்த மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினதாலதான் தலை சுத்துது."

வீட்டில் கேட்டபோது சுமிரா எதையும் மறைக்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே பேசினாள்.

"ஆமா, நான்தான் மாத்தினேன். அது பைத்தியக்காரங்க மாத்திரைடி. வெளிய தெரிஞ்சா உன் பொண்ணை எவன் கட்டுவான்? காத்துக்குப் போயி மாத்திரையாம்!"

"ஏமாத்திட்டு, தினம் தண்ணியும் எடுத்துக் குடுத்தியே அக்கா."

"தேவலைன்னு நீதானே சொன்னே?"

"அப்ப அந்த மாத்திரை உள்ள போச்சு, அதனால தேவலைன்னு சொன்னேன்."

கெட்ட எண்ணம் இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். அக்காவிடம் அது இல்லை. சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று.

மருந்தை மறுபடி பாதி மாத்திரையிலிருந்து தொடங்கினார்கள். பன்னிரண்டு நாள் அதற்குப் போதாது. விழாவன்று தனியாகப் பேருந்து ஏறினாள். பாவெனைத் தாண்டினாள். உங்காரானில் முடியாமல் இறங்கி, மகள் பட்டம் வாங்குவதைச் சாலையோரத்தில் நின்று கைபேசியில் பார்த்தாள்.

வீடு திரும்பியபோது சுமிரா எண்ணெயும் நாணயமுமாகக் காத்திருந்தாள்.

"மூஞ்சியே வெளுத்திருக்கு. முதுகைக் காட்டு, வா."

வார்த்தினி சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கோட்டோடு உடைத்தாள்.

"தண்ணி நானே எடுத்துக்கறேன்" என்றாள்.