துப்பாக்கியைத் தாழ்த்திய நேரம்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பேருந்துக்குக் காத்திருந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட நான் நாற்பது வயதுக்கு மேல் ஏர் பிஸ்டல் சுடப் போனதை என் தங்கச்சி இன்னும் நம்பவில்லை. வேலையிடத்தில் எங்கள் பாதுகாப்புப் பிரிவுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்கள் பாதியில் விட்டார்கள்; நான் விடவில்லை.

பயிற்சியில் நன்றாகவே சுடுவேன். போட்டி என்றால் நெஞ்சு படபடக்கும். துப்பாக்கி முனையில் இருக்கும் முன்குறி அந்தத் துடிப்போடு சேர்ந்து ஆடும். எங்கள் பயிற்சியாளர் மலாய்க்காரர். எனக்காகவே ஒரு வரி தமிழ் கற்று வைத்திருந்தார்: "மனச காலி பண்ணு." காலி பண்ணப் பார்த்தால்தான் கூட்டம் சேரும். கேஸ் அடுப்பை அடைத்தேனா, மகள் சாப்பிட்டாளா, மேலதிகாரி ஏன் அப்படிப் பார்த்தார் என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும்.

போன வருஷம் சிரம்பானில் போட்டி. கைப்பேசியைப் பையில் வைக்கும்போதுதான் கவனித்தேன். அம்மாவிடமிருந்து வரிசையாக மிஸ்டு கால். ரந்தாவ் பக்கம் எஸ்டேட் வீட்டில் தனியாக இருக்கிறார். போன மாதம்தான் தலைசுற்றி விழுந்திருந்தார். திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதற்குள் எங்களைச் சுடும் வரிசைக்கு அழைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு, "அம்மாவைப் பாருங்க" என்று மெசேஜ் தட்டிவிட்டு ஓடினேன்.

முதல் குண்டுகள் எங்கெங்கோ போயின. குளியலறையில் அம்மா கிடப்பது மாதிரியே கண்ணில் தெரிந்தது. மறுபடி துப்பாக்கியைத் தூக்கினேன். விரல் இழுக்கத் தயாராக இருந்தது, மனம் அங்கே இல்லை. இழுக்காமல் தாழ்த்தினேன். திரும்பத் தூக்கினேன், தாழ்த்தினேன். நேரம் ஓடியது. பயத்தைத் துரத்த முடியாது என்று அப்போதுதான் புரிந்தது. வாய்க்குள், "இரு, வர்றேன்" என்று அதனிடம் சொன்னேன். மூச்சை மெதுவாக விட்டேன். "முன்குறி, முன்குறி" என்று மட்டும் மனசுக்கு ஒரு வேலை கொடுத்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. அடிக்கட்டும் என்று விட்டு விரலை இழுத்தேன். நடுவில் பட்டது. அடுத்ததும் அப்படியே.

பதக்கம் கிடைக்கவில்லை. ஆரம்பத்தில் விட்டதைப் பிடிக்க முடியவில்லை. பயிற்சியாளர் மட்டும், "பின்பாதி யார் சுட்டது?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். நான் நிற்கவில்லை. வெளியே ஓடி வந்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா போன எடுக்கல?"

"தோட்டத்துல இருந்தேன்லா. காட்டுப்பன்னி வந்து மரவள்ளிய எல்லாம் தோண்டிப் போட்டுடுச்சு. நீதான் துப்பாக்கி சுடறியே, வந்து சுடு!"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.  அப்படியே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ரந்தாவ் போய்ச் சேர்ந்ததும் உட்காரச் சொன்னார் அம்மா. என்னால் முடியவில்லை. பழைய பலகைகளைத் தேடி எடுத்து, இருட்டும்வரை பன்றி நுழைந்த வேலியை அடைத்துக்கொண்டிருந்தேன்.