யாரும் எடுக்காத பொதுப் பெட்டி

முதல் நாள்

வேலையில் சேர்ந்த அன்று என் ஆபீஸ் கண்ணில் படவே இல்லை. பஸ் கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் ஏறி முடித்து, திருப்புலி நாட்டில் ஒரு சின்ன ஊரில் என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டது. சுற்றிலும் வெள்ளை. கையை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. எங்கிருந்தோ ஒலிபெருக்கியில் ஓர் ஆண் குரல், காணாமல் போன செவலைக் காளை ஒன்றின் அடையாளங்களை வாசித்துக்கொண்டிருந்தது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். காளை கிடைத்ததோ இல்லையோ, எனக்கு ஆபீஸ் கிடைத்துவிட்டது.

அது ஒரு தகவல் மையம். இரண்டாயிரத்து இரண்டோ மூன்றோ, சரியாக நினைவில்லை. ஒற்றை அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு டெலிபோன் லைன், கூரைமேல் ஒரு ஹாரன் ஸ்பீக்கர். நான் அடிவாரத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கம்ப்யூட்டர் படித்திருந்தேன், வேலை கிடைத்தால் போதும் என்றிருந்தேன். மையத்தின் பொறுப்பாளர் தங்கவேல் சார் என்னைப் பார்த்ததும் மைக்கைக் கையில் கொடுத்தார்.

"வந்துட்டீங்களாம்மிணி? இந்தாங்க, இனி நீங்க படிங்க. எனக்குத் தொண்டை போச்சு."

எல்லாமும் எல்லோருக்கும்

காலையில் மோடம் கூவிக் கூவி இன்டர்நெட்டைப் பிடிக்கும். வந்ததையெல்லாம் பிரிண்ட் எடுத்து மைக்கில் வாசிப்பேன். மிளகு விலை, மழை நிலவரம், பரீட்சை ரிசல்ட், கண் சிகிச்சை முகாம், எந்த ஊரிலோ டிரைவர் வேலை காலி. கதவுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. மேகத்துக்குள் பேசி மேகத்துக்குள்ளேயே அனுப்புவதுபோல் இருக்கும். யார் கேட்கிறார்கள் என்று தெரியாமல் பேசுவதில் ஒரு சுகம் உண்டு. சில நாள் வாசித்துக்கொண்டே பாதித் தூக்கத்தில் மிதந்திருக்கிறேன்.

முகம் தெரிவதற்கு முன்பே குரல் எல்லோருக்கும் பழகிவிட்டது. டீக்கடைக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "மேகத்துல பேசற புள்ள நீதானா சாமி? நான் குண்டா இருப்பேன்னு நெனச்சேன்" என்றார்.

போகப் போக இன்டர்நெட்டில் வருவது கூடிக்கொண்டே போனது. அரை மணி வாசிப்பு இரண்டு மணி ஆனது. ஒரு நாள் வெள்ளையன் வந்தார். எதிர்ச் சரிவில் மிளகும் மரவள்ளியும் வைத்திருந்தவர். அவர் தம்பி பொன்னனும் அதே சரிவில்தான். அப்பன் பிரித்துக் கொடுத்த தோட்டத்தில் மேல்பாதி அண்ணனுக்கு, கீழ்பாதி தம்பிக்கு.

"ஏனுங்கம்மிணி, எங்களுக்கு வேண்டியது மொளகு ஒண்ணுதானுங்க. அதுக்காக ஊரு உலகத்தையே கேக்க வேண்டியிருக்குது. மண்டை காயுதுங்க."

நியாயம்தானே என்று பட்டது. தச்சரைக் கூப்பிட்டுச் சுவரில் வரிசையாக மரப்பெட்டிகள் அடித்தோம். மிளகு, மரவள்ளி, வேலை, படிப்பு, ஆஸ்பத்திரி, சினிமா. எதிலும் சேராததற்கு ஒரு பெட்டி: பொது. அவரவர் வந்து அவரவர் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போவார்கள். ஸ்பீக்கரை நிறுத்திவிட்டோம். மலையே அமைதியானது. சார் பூரித்துப் போய், மேலே வந்த அதிகாரிகளுக்கெல்லாம் பெட்டிகளைக் காட்டினார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

பொதுப் பெட்டியை மட்டும் யாரும் தொடவில்லை. பொது என்றால் தனக்கு இல்லை என்று அர்த்தம் போலிருக்கிறது.

மிளகுப் பெட்டி இரண்டானது

ஆடி மாதம் வெள்ளையன் தோட்டத்தில் கொடிகள் மஞ்சளித்து வாடத் தொடங்கின. மிளகுதான் அந்த இரண்டு வீட்டுக்கும் வருஷ வருமானம். அது போனால் குழந்தைகுட்டிகளோடு மலை இறங்கிக் கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான். சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏற பல வருஷம் ஆகும். வாடச் சில வாரம் போதும்.

அப்போது மிளகு விவசாயிகளுக்கென்று மெயில் குரூப்கள் இருந்தன. ஒன்று இயற்கை விவசாயக் குரூப். தழையைப் போடு, மண்ணை நம்பு, மருந்தைத் தொடாதே என்பார்கள். இன்னொன்று மருந்துக் குரூப். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த போர்டோ கலவையை அடி, மற்றதெல்லாம் கட்டுக்கதை என்பார்கள். வெள்ளையனுக்கு முதல் குரூப் பிடித்தது. பொன்னனுக்கு இரண்டாவது. மெயில்கள் பெரும்பாலும் இங்கிலீஷில் வரும், நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை வெள்ளையனிடம் "துத்தம் மண்ணைக் கொன்றுவிடும்" என்பேன். வியாழக்கிழமை பொன்னனிடம் "துத்தம் இல்லாவிட்டால் மிளகே இல்லை" என்பேன். இரண்டையும் ஒரே குரலில், ஒரே மரியாதையோடு சொல்வேன். இருவருமே நான் தங்கள் பக்கம் என்று நம்பினார்கள்.

அந்தக் குரூப்களில் ஒரு விசேஷம் கவனித்தேன். யார் எதை எழுதினாலும் மற்றவர்கள் "அருமை, உண்மை" என்பார்கள். மாற்றி எழுதுகிறவர் ஒரு வாரத்தில் காணாமல் போய்விடுவார். பிறகு வேலையெல்லாம் எதிர்க் குரூப்பைத் திட்டுவதுதான். கொல்லிமலையைப் படத்தில்கூடப் பார்க்காத ஆட்கள் எழுதியதை வைத்துக்கொண்டு, அண்ணன் தன் தம்பியை "விஷம் விக்கறவன் கையாளு" என்றார். தம்பி அண்ணனை "தழை சாமியாரு" என்றார். ஐப்பசி வருவதற்குள் இருவருக்கும் பேச்சே நின்றுவிட்டது. மிளகுப் பெட்டியையும் இரண்டாகத் தடுத்துக் கொடுத்தேன்.

சாரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நாம கொழாயிங்கம்மிணி. தண்ணி உடறதுதான் வேலை. ருசி பாக்கறது நம்ம வேலையில்லைங்க."

ஐப்பசி மழை

அந்த வாரம் சார் நாமக்கல் போயிருந்தார். காலையில் வந்த தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வானிலை எச்சரிக்கை ஒன்று இருந்தது: மலைப்பகுதிகளில் தொடர்ந்து கனமழை பெய்யும்; மிளகுத் தோட்டங்களில் கொடியின் தூரில் தண்ணீர் நிற்காமல் உடனே வடிகால் வெட்டுங்கள், நின்றால் அழுகல் பரவும். அது எந்தக் குரூப்பிலிருந்தும் வரவில்லை, மிளகுப் பெட்டியின் இரண்டு பாதியிலும் சேராது. கை பழக்கத்தில் பொதுப் பெட்டிக்குப் போனது.

மதியம் வாக்கில் தூறல் பிடித்தது. மூடுபனி வாசல்வரை வந்து நின்றது. கரண்ட் போனது, லைன் செத்தது. வந்த இரண்டொருவரும் தங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தத் தாள் அப்படியே கிடந்தது. வெள்ளையனிடம் கொடுத்தால் இதில் மருந்துப் பேச்சு இருக்கிறதா என்பார். பொன்னனிடம் கொடுத்தால் இதை எழுதியது தழைக்காரர்களா என்பார். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். ஆம்ப்ளிஃபயரை, மையத்தில் கிடந்த ஒரு பழைய ஜீப் பேட்டரியில் மாட்டி மைக்கை எடுத்தேன். பல மாதம் கழித்து என் குரல் மலைக்குள் போனது. யார் சொன்னது, எந்தக் குரூப் என்றெல்லாம் சொல்லவில்லை. மழை வருகிறது, தண்ணீர் நிற்கக் கூடாது, வடிகால் வெட்டுங்கள். அவ்வளவுதான். மூன்று முறை வாசித்துவிட்டு நிறுத்தினேன்.

மலை சும்மா இருந்தது. என்ன பைத்தியக்காரத்தனம் என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் எதிர்ச் சரிவிலிருந்து ஒரு கூப்பாடு கேட்டது. வெள்ளையன் குரல்.

"கீழ ஆரு?"

மலையில் ஒரு வழக்கம் உண்டு. மூடுபனியில் யார் குரல் கொடுத்தாலும், காதில் விழுந்தவர் மறுகுரல் கொடுத்தே ஆகவேண்டும். பகையாளியாக இருந்தாலும் சரி. கூப்பிடுகிறவர் வழி தவறி நிற்கலாம், பள்ளத்தின் விளிம்பில் நிற்கலாம். கேட்டும் வாய் திறக்காதவனோடு யாரும் காடு போக மாட்டார்கள்.

கீழ்த் தோட்டத்திலிருந்து பொன்னன் குரலில் பதில் வந்தது. "நாந்தான்."

"வாய்க்கா வெட்டப் போறேன். தண்ணி அங்கதான் எறங்கும்."

"இப்ப வெட்டாத. கீழ வழியில்ல. என் கொடி பூராவும் போயிரும்."

விஷயம் அதுதான். மேலே வெட்டினால் தண்ணீர் தம்பி தோட்டத்தில் பாயும். வெட்டாவிட்டால் அண்ணன் கொடி அழுகி, அந்த அழுகல் மழையோடு கீழே இறங்கும். கீழிருந்து வெட்டிக்கொண்டு மேலே போனால்தான் இரண்டும் பிழைக்கும். தனியாக ஒருவர் செய்ய முடியாத வேலை.

"அப்ப நீ மொதல்ல வெட்டு. ஓடை வரைக்கும் வெட்டிட்டுச் சொல்லு. அதுவரைக்கும் நான் உடமாட்டேன்."

அப்புறம் சாயங்காலம்வரை நான் கேட்டது மண்வெட்டிச் சத்தமும் அந்த இரண்டு குரல்களும்தான். ஒன்றும் பார்க்கவில்லை. வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக்குள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே வாய்க்காலை வெட்டுகிறார்கள். "பாறை இருக்குது, எடக்கையில திருப்பு." "சரி." "இன்னும் ஒரு மொழம்." "சரி." பேச்சில் உறவுமுறை இல்லை, பேர் இல்லை. மழை வலுத்தது. திடீரென்று கீழ்க்குரல் பதறியது.

"மண்ணு சரியுது, தள்ளி நில்லுண்ணா."

மண்வெட்டிச் சத்தம் நின்றது. நான் கண்ணைத் திறந்து எழுந்து நின்றேன்.

"தள்ளித்தான் நிக்கறேன் கண்ணு. நீ பாத்து நில்லு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் பார்க்காததால் நன்றாகவே அழுதேன்.

பிறகு

போன கொடிகள் போயின. குடும்பம் ஓடும் அளவுக்கு இரண்டு தோட்டத்திலும் நின்றன. மலை இறங்க வேண்டி வரவில்லை. லைன் சரியானதும் வெள்ளையன் தன் திங்கட்கிழமையில் வந்தார்.

"மருந்து தொடாததுனாலதான் என் கொடி தப்புச்சுன்னு நம்ம குரூப் ஆளுங்களுக்கு மெயில் போடுங்கம்மிணி."

போட்டேன். வியாழக்கிழமை பொன்னன் வந்து, துத்தம் அடித்ததால்தான் தப்பியது என்று போடச் சொன்னார். அதையும் போட்டேன். இரண்டு குரூப்பிலும் பாராட்டு வந்து குவிந்தது.

"வாய்க்கா வெட்டினதை எழுத வேண்டாமுங்களா?" என்று பொன்னனிடம் கேட்டேன்.

"அது எங்க ஊட்டு விசயங்க. அதைப் போயி எதுக்குங்க ஊரானுக்கு?"

சார் திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அன்றிலிருந்து பெட்டிகள் பெட்டிகளாகவே இருக்க, பொதுப் பெட்டியில் உள்ளதை மட்டும் தினமும் காலையில் பத்து நிமிஷம் மைக்கில் வாசித்தேன். வேலையை விடும்வரை அதை நிறுத்தவில்லை.

இன்று உங்கள் கையில் இருக்கும் போனில் ஆயிரம் பேர் உங்களுக்கு ஆமாம் போடுவார்கள். போடட்டும், அதிலும் ஒரு சந்தோஷம் இருக்கிறது. ஆனால் ஒரு முடிவு எடுக்கும் முன்பு, உங்கள் தோட்டத்துத் தண்ணீர் யார் தோட்டத்தில் இறங்குமோ அந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். என் பணிக்காலத்தில் நான் கற்றது இவ்வளவுதான்.

அண்ணனும் தம்பியும் சமாதானம் ஆனார்களா என்று கேட்பீர்கள். வெயில் அடிக்கும் நாளில் ஒற்றையடிப் பாதையில் எதிரெதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவார்கள். தழையும் துத்தமும் அப்படியே இருந்தன. மூடுபனி இறங்கியதும் மேலிருந்து அண்ணன் "கீழ ஆரு?" என்பார், தெரியாதவர்போல. "நாந்தாண்ணா" என்று பதில் வரும். அப்புறம் பனி விலகும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள்.