நான் கொடுக்காத குட்டி

எனக்கு நாய்கள் மேல் பெரிய பாசமெல்லாம் கிடையாது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். செங்கல்பட்டில் என்னோடு ஒரே கல்லூரியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, தெருநாய்க் குட்டிகளுக்கு வீடு தேடிக் கொடுக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றை நடத்துகிறாள். கருங்குழி பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் தாய் லாரியில் அடிபட்டுச் செத்துவிட, தனியாக நின்ற குட்டியை ஓர் ஆப்பிள் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி வந்துவிட்டாள்.

"ஒரே ஒரு மாசம்க்கா. வீடு கிடைச்சதும் நானே வந்து எடுத்துட்டுப் போயிடுறேன்" என்றாள்.

கீழே குடியிருக்கும் வீட்டு ஓனரும் ஒரு மாதம் என்றுதான் சம்மதித்தார். என் கணவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "உன்ன மாதிரியே முறைக்குது" என்றார்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. தற்காலிகமாக வைத்திருப்பவர்கள் குட்டிக்குப் பெயர் வைக்கக் கூடாது. வளர்க்கப் போகிறவர்கள்தான் வைக்க வேண்டும். பெயர் வைத்தால் விட மனசு வராதாம். நான் "ஏய்" என்றுதான் கூப்பிட்டேன். இரண்டாவது வாரத்தில் அந்த "ஏய்"க்கே ஓடி வர ஆரம்பித்தது. நான் காய் நறுக்க உட்கார்ந்தால் என் பாதத்தின் மேல் தாடையை வைத்துத் தூங்கும். கால் மரத்துப் போனாலும் நான் எடுக்க மாட்டேன். கல்லூரியிலிருந்து வந்து சாவியைத் துவாரத்தில் போடும்போதே, உள்ளே வால் தண்ணீர் பக்கெட்டில் டமடமவென்று அடிக்கிற சத்தம் கேட்கும். கல்யாணமாகி பதினெட்டு வருஷத்தில் நான் வீட்டுக்குள் நுழைவதை யாரும் அப்படிக் கொண்டாடியதில்லை. இதை என் கணவரிடம் சொன்னபோது, "எனக்கு வால் இல்லையே, என்ன பண்றது" என்றார்.

குட்டியோ பொட்டை. போனில் ஆசையாகப் பேசுகிறவர்கள் கடைசியில் "ஆணா, பொண்ணா?" என்று கேட்பார்கள். சொன்னதும் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வரும். கோபத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் வரும். அந்த நிம்மதியை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

இரண்டு மாதம் ஓடியபின் மாமல்லபுரத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மகள் குழுவில் வந்த போட்டோவைப் பார்த்துவிட்டாளாம். "பொட்டயா இருந்தா இன்னாக்கா? பாப்பா இதத்தான் கேக்குது. ஞாயித்துக்கெழம இட்டுகினு வரேன்" என்றார்.

ஆள் பார்க்க வருகிறார்கள் என்றால் குட்டியை அரை வயிற்றோடு வைத்திருக்க வேண்டும். குழுவில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது அது. பசி இருந்தால்தான் ஓடி வந்து கையை நக்கும், மடியில் ஏறும், வந்தவர்களுக்கும் பிடித்துப் போகும். நான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தயிர்சாதத்தில் இரண்டு முட்டையைப் பிசைந்து, அது போதும் போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும்வரை ஊட்டினேன். தெரிந்துதான் செய்தேன்.

அவர்கள் பதினோரு மணிக்கு வந்தார்கள். அவருக்குக் காக்கிச் சட்டை, தலை படிய வாரியிருந்தது. மகளுக்கு எட்டு வயதிருக்கும். வீட்டிலிருந்து ஓர் அலுமினியத் தட்டும் தன் பழைய கவுன் ஒன்றையும் பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். குட்டி வயிறு உப்பிக் கட்டிலுக்கு அடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. அவள் குனிந்து கூப்பிட்டாள். ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"தூங்குது போல. எங்க வூட்ல எடம் நெறய கீதுக்கா. பகல்ல எங்க அம்மா இருக்காங்க, பாத்துப்பாங்க" என்றார் அவர்.

நான் அவர் சட்டையைப் பார்த்தேன். சிமெண்ட் ஷீட் போட்ட வீடாக இருக்கும், வெயிலில் கட்டிப் போடுவார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவர் வீட்டை நான் பார்த்ததுகூட இல்லை.

"இது கொஞ்சம் கடிக்கும்ங்க. சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஒத்து வராது" என்றேன்.

அந்தக் குட்டி அதுவரை என் புடவைத் தலைப்பைத் தவிர எதையும் கடித்ததில்லை.

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "கூடவே வச்சிகினு இருக்கீங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மகளின் தோளைத் தொட்டார். அவள் தட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். குழுவில், குணம் ஒத்துவரவில்லை என்று எழுதிப் போட்டேன். வைத்திருப்பவர் சொல்வதுதான் அங்கே முடிவு.

நானே வளர்த்துவிடலாம் என்பதுதான் என் திட்டம். நாள் போகப் போக ஓனர் மசிந்துவிடுவார் என்று நம்பினேன். அவர் மசியவில்லை. "ஒரு மாசம்னீங்க, நாலாவது மாசம் நடக்குது. நாய் போகணும், இல்லன்னா நீங்க வேற வீடு பாருங்க" என்றார். வேறு வீடு தேடினோம். நாய் என்றதும் எல்லோரும் கையை விரித்தார்கள். "அந்த ஆட்டோக்காரரையே கூப்பிட்டுப் பாருங்கக்கா" என்றாள் குழுவை நடத்தும் பெண். இந்நேரம் அவர்கள் வேறு குட்டி வாங்கியிருப்பார்கள் என்றேன். கேட்டுப் பார்க்காமலே சொன்னேன்.

வளர்ந்த பொட்டை நாயை யார் எடுப்பார்கள்? கடைசியில் நாவலூரில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒருவர், முட்டுக்காட்டுப் பக்கம் வாங்கிப் போட்டிருக்கும் இடத்துக்குக் காவலுக்கு நாய் வேண்டும் என்றார். கொடுத்துவிட்டோம். ஒரே ஒரு முறை போய்ப் பார்த்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்து தோல் தெரிந்தது. "ஏய்" என்றதும் சங்கிலி போகிற தூரம்வரை ஓடி வந்து, சந்தோஷத்தில் நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது. அவிழ்த்து விடுவதுண்டா என்று வாட்ச்மேனிடம் கேட்டேன். அவிழ்த்தால் ரோட்டுக்கு ஓடிவிடும் என்றார். பத்து நிமிடம்தான் இருந்தேன். அதற்கு மேல் அங்கே நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காகத் திருக்கழுக்குன்றத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். பாதி வழி போனபின் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அக்கா, செங்கல்பட்டு தானே நீங்க? அந்தக் குட்டி எப்டிக் கீது?" என்றார். அன்றைக்கு மகளோடு வந்தவரேதான்.

"நல்லா இருக்கு" என்றேன். நீங்கள் வேறு குட்டி வாங்கினீர்களா என்று கேட்டேன்.

"இல்லக்கா. எத்தினியோ காட்னேன். பாப்பா அதத்தான் கேட்டுகினு கீது. உங்களாண்டயே தானே இருக்குது?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம்.

"ஆமா, எங்கிட்டதான் இருக்கு" என்றேன்.

"அப்டின்னா சரிக்கா. நல்ல எடத்துல கீதுன்னு பாப்பாவாண்ட சொல்லிர்றேன்" என்றார். அவர் முகத்தில் உண்மையாகவே ஒரு சந்தோஷம் இருந்தது.

அவருடைய எண் என் போனில் இருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு முட்டுக்காட்டுக்குப் போய்விடுவார். ஆனால் அந்தப் பேச்சை, அது கடிக்காது என்பதிலிருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டும். எட்டு மாதமாக எண்ணை எடுத்துப் பார்க்கிறேன், வைத்துவிடுகிறேன். என் மானம் பத்திரமாக இருக்கிறது. குட்டி சங்கிலியில் இருக்கிறது.