பிரெஞ்சுக் கப்பல்களைத் தூக்கிய டெமோ

டெமோ நடுவில் அமெரிக்கா தோற்றுப்போனது. அதுவும் அமெரிக்கர்கள் கண்முன்னாலேயே!

அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் நான் டெஸ்டிங் லீடாக இருந்தபோது, ஒரு மியூசியத்துக்கு டச் ஸ்கிரீன் கேம் செய்தோம். அமெரிக்க சுதந்திரப் போரின் யார்க்டவுன் சண்டை. கரையில் மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ் படையை மீட்க அவர்கள் கப்பல்கள் வரும். அமெரிக்காவுக்கு உதவ வந்த பிரெஞ்சுக் கப்பல்கள் வளைகுடா வாயிலை மறிக்கும். படை சரணடையும். யார் ஜெயிப்பது என்பதை கேமே கணக்குப் போடும்.

டெமோ அன்று காலை ஸ்கிரீன் ஆமை மாதிரி நகர்ந்தது. கோட் எழுதிய கார்த்திக் எச்-1பி விசாவில் இருந்தவன். வேலை போனால் பெட்டி கட்ட வேண்டியதுதான். மனைவி வேறு மாசமாக இருந்தாள். பதற்றத்தில், பாரம் குறைந்தால் வேகமாக ஓடும் என்று யாரையும் கேட்காமல் பிரெஞ்சுக் கப்பல்களைத் தூக்கிவிட்டான். நம் பள்ளிப் பாடத்தில் பிரெஞ்சுக்காரர் என்றால் பாண்டிச்சேரியோடு சரி!

கேம் பிரமாதமாக ஓடியது. பிரிட்டிஷ் கப்பல்கள் தடையில்லாமல் வந்தன, படையை ஏற்றிக்கொண்டு போயின. அமெரிக்கக் கொடி சரசரவென்று கீழே இறங்கியது. சிட்டிசன்ஷிப் டெஸ்ட் பாஸ் பண்ணியவன் நான். இந்த நாடே அடுத்தவன் கப்பலை நம்பி நின்றது என்று எனக்கு உறைத்ததே அப்போதுதான்.

"என்னடா பண்ணி வெச்சிருக்க?" மேனேஜர் பல்லைக் கடித்தார். "நாளைலேர்ந்து நீ ப்ராஜெக்ட்ல இல்ல."

"சும்மா பேக்ரவுண்டுதான்னு நெனச்சேன் சார்..." கார்த்திக் முணுமுணுத்தான்.

டெமோ பார்க்க வந்திருந்த மியூசியத்து அம்மாள் வாயில் கைவைத்தபடி ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதை அழிக்காதீர்கள். பிரெஞ்சுக் கப்பல்கள் வராவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு பட்டன் வையுங்கள். எத்தனை வருடமாகச் சொல்கிறேன், யாருக்கும் புரிந்ததில்லை" என்றார்.

மேனேஜர் உடனே, ஏதோ தன் ஐடியா போலச் சிரித்தார். பார்த்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பார்க்கிங் லாட்டில் கார்த்திக் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணா, அந்தம்மா கப்பல மட்டும்தான் வெச்சுக்கச் சொன்னாங்களா? என்னையுமா?"

"உன்னையும்தாண்டா."

சொல்லிவிட்டுத்தான் மேனேஜரிடம் சண்டைக்குப் போனேன். அவன் இல்லாவிட்டால் அந்தப் பட்டனை யார் செய்வது என்று கேட்டேன். அன்றே கார்த்திக்கை ப்ராஜெக்ட்டில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்.

இளைய நண்பர்களே, எதையும், யாரையும் "சும்மா பேக்ரவுண்டு" என்று தூக்குவதற்குமுன் அதுவோ அவரோ இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தயவுசெய்து டெமோவுக்கு முன்னால்.